வலது பக்கத்துச் சிவப்புக் கொடி

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து மைப்புட்டிக்குள் எறும்பு விழுந்து நடந்ததோ என்று பயப்படாதே. அது நான் எட்டாம் வகுப்பில் வாங்கி வந்த கையெழுத்து, எந்த நோயும் அதற்குப் பொறுப்பில்லை. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். அந்த வரி வரமாட்டேன் என்கிறது. அது கடைசியில் வரட்டும். முதலில் உன் அப்பன் மானம் கப்பலேறிய கதையைக் கேள்.

போன மாதம் நம் கிடங்கில் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். இருபத்தைந்து வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியதற்கு ஒரு கேடயம். மேடை என்று பெரிதாக நினைக்காதே, நான்கு மரப்பலகையை அடுக்கி மேலே ஒரு துணி. உன் அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையில் நான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஏறினேன். கேடயத்தை வாங்கினேன், மைக்கில் நன்றி சொன்னேன், இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்புறம் பின்வரிசையில் விசில் பறந்தது. சுமை ஏற்றுகிற பையன்கள் ஓடி வந்து என்னைத் தூக்காத குறை. என்னடா விஷயம் என்றால், மேனேஜர் என் வலது பக்கத்தில் கை குலுக்கக் கையை நீட்டிக்கொண்டே நின்றாராம். நான் அந்தக் கையை மதிக்காமல் இறங்கிவிட்டேனாம். “கழிவறைக் குழாய் மூணு மாசமா ஒழுகுதுல்ல, அதுக்குத்தான் அண்ணன் மூஞ்சியில அடிச்ச மாதிரி குடுத்தாரு” என்று அவர்களே காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கண்ணு, சத்தியமாக நான் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. ஆனால் எல்லோரும் சிங்கம், புலி என்று சொல்லும்போது எந்த மனுஷன் மறுப்பான்? மீசையைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல வழியே இல்லாமல் போனது.

என் வீரத்தை நம்பாத ஒரே ஆள் முதலுதவி அறை நர்ஸம்மா. விரலில் சிராய்ப்பு என்று போனபோது, மருந்து போட்டுக்கொண்டே, “அண்ணே, என் மூக்கையே பாருங்க” என்றார். பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப நான் எத்தனை விரல் காட்டறேன்?” என்றார். நீங்கள் எங்கே விரல் காட்டினீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா என் வலது காதுக்கு ஒரு முழம் தள்ளி மூன்று விரலை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். “நீங்க ஒண்ணும் வீரம் காட்டல அண்ணே. உங்களுக்குத் தெரியல. நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

நான் நாளைக்கே போகவில்லை. உனக்குத்தான் என்னைத் தெரியுமே. எனக்கு என்ன குறைச்சல்? வருடா வருடம் கிடங்கில் எழுத்து வாசிக்கச் சொல்லிக் கண் பார்க்கிறார்கள் இல்லையா, அதில் கடைசி வரியை வாசித்துவிட்டு, அதற்கும் கீழே அட்டையை அச்சடித்த அச்சகத்தின் பெயரையும் வாசித்துக் காட்டுகிறவன் நான். வெள்ளெழுத்து வந்து கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி போட்டதைத் தவிர ஒரு குறையும் இல்லை. மிஞ்சினால் புரை விழுந்திருக்கும், உரித்துவிட்டு லென்ஸ் வைப்பார்கள், நம் காவலாளிக்கு வைத்த மாதிரி. அப்படி நினைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். வண்டியையும் ஓட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே முதலில் இன்னொரு கூத்து. டாக்டர் சின்ன வயசு, சிரித்த முகம். என் கோப்பைப் புரட்டிக்கொண்டே, “அப்புறம், கண்ணு எப்படி இருக்கு?” என்று கேட்டார். நான் வேறு நினைப்பில் இருந்தேன். “எங்கிட்டப் பேசறதே இல்ல சார். பதினாலு மாசம் ஆச்சு” என்று சொல்லிவிட்டேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். உன் அம்மா என் விலாவில் இடித்து, “அவர் பொண்ணைச் சொல்றாருங்க, வீட்டுல கண்ணுன்னுதான் கூப்பிடுவோம்” என்று விளக்கம் சொன்னாள். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை.

கண்ணுக்குள் அழுத்தம் பார்த்தார்கள். காற்று ஊதுகிற ஒரு கருவி. இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டியது எனக்கு வலது கண்ணில் முப்பத்தாறு. கண்ணில் விளக்கடித்து உள்ளே வெகுநேரம் பார்த்த டாக்டர் முகத்தில் சிரிப்பு இல்லை. பக்கத்து அறையில் ஒரு சோதனை இருக்கிறது, அதை முடித்துவிட்டு வாருங்கள் என்றார்.

இனிமேல் எழுதப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. நான் நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

அந்த அறையில் பெரிய வெள்ளை அண்டாவைப் படுக்கப் போட்ட மாதிரி ஓர் இயந்திரம். அதற்குள் தலையை விட்டு, தாடையை ஒரு பட்டையில் வைத்து உட்கார வேண்டும். கையில் ஒரு பட்டன். சோதனை செய்கிற பெண் உன் வயசுதான் இருப்பாள். “நடுவுல இருக்கற புள்ளியை மட்டும் பாருங்க சார். சுத்தி எங்கயாவது வெளிச்சம் மின்னும். மின்னும்போதெல்லாம் பட்டனை அழுத்துங்க, அவ்வளவுதான்” என்றாள். முதலில் வலது கண்ணை மூடிவிட்டு இடது கண்ணுக்குப் பார்த்தாள். நான் பட்டு பட்டென்று அழுத்தினேன். சில இடத்தில் கொஞ்சம் தாமதமானதாம். எனக்கோ பெருமை, மார்க் வாங்குகிற பிள்ளை மாதிரி.

அப்புறம் இடது கண்ணை மூடினாள். வலது கண்.

நடுவில் இரண்டு மூன்று மின்னின, அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். இயந்திரம் மட்டும் உள்ளே டிக் டிக் என்று எதையோ நகர்த்திக்கொண்டிருந்தது. வெறும் வெள்ளைச் சுவர். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். “ஏம்மா, கரண்ட் போச்சா?” என்று கேட்டேன். “இல்ல சார், வந்துக்கிட்டுதான் இருக்கு. தெரிஞ்சா அழுத்துங்க” என்றாள். மறுபடியும் காத்திருந்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது கெட்டுப்போன இயந்திரத்தில் உட்கார வைத்து விளையாடுகிறாளே என்று நினைத்தேன். தலையை வெளியே இழுத்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே, “நீ காட்டவே இல்லம்மா! காட்டினா எனக்குத் தெரியாதா? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று கத்தினேன்.

அந்தப் பெண் பயந்துவிட்டாள். மெதுவாக, “காட்டினேன் சார்” என்றாள்.

கண்ணு, அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. இந்த வார்த்தைகளை நான் இதற்கு முன்னால் ஒருதரம் சொல்லியிருக்கிறேன். ஓர் எழுத்து மாறாமல் சொல்லியிருக்கிறேன். மேனேஜர் அறையில், விசாரணையில், நீ பக்கத்தில் நிற்கும்போது. மூன்றாம் வரிசை முனையில் கொடி காட்டுவது உன் வேலை. ஆள் குறுக்கே வந்தால் சிவப்பு, வழி இருந்தால் பச்சை. அன்று நான் டைல்ஸ் பெட்டிகளோடு வலப்பக்கம் திரும்பினேன். குறுக்கே நடந்த நம் பூனை அண்ணன் கால் எலும்பு வண்டியில் சிக்கி இரண்டாக முறிந்தது. கொடி காட்டினாளா என்று மேனேஜர் கேட்டார். காட்டினால் எனக்குத் தெரியாதா, எனக்கென்ன கண் அவிந்தா போயிற்று என்று நான் கேட்டேன். நீ அழவில்லை. “காட்டினேன்பா. ரெண்டு கையாலயும் காட்டினேன்” என்றாய். அதே சொல். அந்தப் பெண் சொன்ன மாதிரியே, சத்தம் போடாமல்.

சோதனைத் தாளைக் கையில் கொடுத்தார்கள். இடது கண்ணுக்கு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சாம்பல். வலது கண்ணுக்குத் தாள் முழுக்கக் கறுப்பு, நடுவில் நாலணாக் காசு அளவுக்கு ஒரு வெள்ளை. அந்த நாலணா வழியாகத்தான் நான் அச்சகத்தின் பெயரை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்குமாம், வடிந்துகொண்டே இருக்குமாம். வடிகிற வழி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். நம் கிடங்குக் கூரையில் தூம்பு அடைத்துத் தண்ணீர் தேங்கினால் தகரம் எப்படித் தொங்கும், அந்த மாதிரி என்று நானே உதாரணம் சொன்னேன், டாக்டர் பரவாயில்லை என்றார். அந்த அழுத்தத்தில் கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். பார்வை ஓரத்திலிருந்து போகும். வலிக்காது, சிவக்காது, நடுப் பார்வை கடைசி வரைக்கும் நன்றாக இருக்கும். கிளாக்கோமா என்று பெயர். போனது திரும்பி வராது. மருந்து போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம்.

எனக்குக் கறுப்பாக எதுவும் தெரியவில்லையே சார், அப்படியானால் எப்படிப் போயிருக்கும் என்று சண்டை போட்டேன். “கறுப்பாத் தெரியாதுங்க. வலது ஓரம் இடது கண்ணுக்கு எட்டாது, மூக்கு மறைச்சிடும். தெரியாத இடத்தை மூளையே சும்மா நிரப்பிக்கும். சுவர் இருந்தா சுவர், தரை இருந்தா தரை” என்றார்.

அப்படியென்றால் அன்று நீ நின்ற இடத்தில் என் மூளை வெறும் சுவரை வரைந்து வைத்திருக்கிறது. என் மகள் நிற்கிற இடத்தில் சுவர். அதை நம்பித்தான் நான் திருப்பினேன், அதை நம்பித்தான் சாட்சியும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒவ்வொன்றாக வருகிறது. வலது தோளில் எப்போதும் ஒரு கன்றிப்போன காயம் இருக்கும், கதவு நிலையில் இடித்தது. நம் வீட்டு நிலை குறுகலாகிவிட்டது என்று கொத்தனாரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னவன் நான்! அவர் அளந்து பார்த்துவிட்டு, “நிலை அப்படியேதாங்க இருக்கு, நீங்கதான் அகலமாயிட்டீங்க” என்றார். டம்ளரைத் தட்டிவிட்டு, ஏன் இப்படி ஓரத்தில் வைக்கிறாய் என்று உன் அம்மாவைத் திட்டுவேன். இப்போது பார்க்கிறேன், வீட்டில் டம்ளர், கண்ணாடி, சாவி எல்லாம் என் இடப்பக்கத்தில் இருக்கிறது. எப்போது மாற்றினாய் என்று கேட்டால், “தெரியலீங்க, கை தானா அங்க வெக்குது” என்கிறாள். அவள் கைக்குத் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இன்னொன்று. உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உன் பெரியப்பா ஞாபகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிலேயே தட்டித் தடுமாறி நடப்பார், மேசையில் இடிப்பார், ஆள் மேல் மோதுவார். குடித்துவிட்டு வருகிறார் என்று நாங்கள் எல்லோரும் பேசினோம். நான்தான் முதலில் பேசினேன். ஒரு சொட்டு வாயில் வைக்காத மனுஷன். இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசிக் காலத்தில் சொல்வதையே விட்டுவிட்டார். இப்போது யாரிடம் போய் நான் திருத்திச் சொல்வது?

பூனை அண்ணனைப் போய்ப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் நடப்பார் என்று நாம் வைத்த பெயர்தானே அது. இப்போது கைத்தடியோடு டக் டக்கென்று வருகிறார். “பேரை மாத்துங்கப்பா, இனிமே நான் குதிரை” என்று அவரே சிரிக்கிறார். தாளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அப்புறம், “விழும்போது சிவப்பா என்னமோ ஆடினதைப் பார்த்தேன்பா. கொடியா, என் ரத்தமான்னு எனக்கே சந்தேகம். உன் பொண்ணு, நீயே சொல்லும்போது நான் என்னத்த சொல்றதுன்னு இருந்துட்டேன்” என்றார். திட்டுவார் என்று தயாராகப் போனேன். திட்டியிருக்கலாம். டீ கொடுத்தார். டம்ளரை வலப்பக்கம் வைத்தார், வழக்கம் போலத் தட்டிவிட்டேன்.

மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம் எழுத மூன்று தாள் கிழிந்தது. விபத்து நடந்த நாளில் எனக்கு வலப்பக்கம் பார்வை இல்லை, நான் கொடுத்த சாட்சி தவறு, இதை அந்த விசாரணைக் கோப்பிலேயே சேர்க்க வேண்டும் என்று எழுதினேன். “இதைச் சேர்த்தா நீங்க இனிமே வண்டி ஏற முடியாது, தெரியுமில்ல?” என்றார். சாவியை மேசையில் வைத்தேன். நர்ஸம்மா சீட்டு கொடுத்த பிறகும் மூன்று வாரம் அந்தச் சாவியைத் திருப்பினேனே, அறுபது பேர் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற இடத்தில். யார் மேலும் ஏற்றாதது என் திறமை இல்லை, அவர்கள் செய்த புண்ணியம். உன் பெயரில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியதை அடித்துவிட்டு, உனக்குப் புதிதாகச் சான்று அனுப்புவதாக மேனேஜர் சொன்னார். அந்த ஒரு சொல்லால்தானே எந்தக் கிடங்கிலும் உன்னை எடுக்காமல், அவ்வளவு தூரம் போய்த் துணிக்கடையில் மடித்து அடுக்கிக்கொண்டு நிற்கிறாய். சான்று வரும், வந்ததும் வாங்கி வை. அங்கேயே இருப்பதோ வேறு வேலை தேடுவதோ உன் இஷ்டம். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். புறப்படும்போது மேனேஜர் மேசையைச் சுற்றி என் இடப்பக்கமாக வந்து கையை நீட்டினார். இந்தத் தடவை பிடித்துக்கொண்டேன். பையன்களிடம் சொல்லிவிடாதே, சிங்கம் பட்டம் போய்விடும்.

இப்போது நான் பெட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற மேசையில் இருக்கிறேன். பசை வாசம் பழகிவிட்டது.

உன்னிடம் கேட்க வேண்டியது இரண்டு. முதலாவது, நீ போகும்போது அம்மா உன் பையில் சொட்டு மருந்துப் புட்டி இரண்டு போட்டாளே, தூசிக்குக் கண் சிவந்தால் போட்டுக்கொள்ள, நான் மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற அதே புட்டி. அதைத் தூக்கி எறிந்துவிடு. அதில் ஸ்டீராய்டு இருக்கிறதாம். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் வருடக்கணக்கில் போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுமாம். நான் ஆறு வருடமாகப் போட்டேன், குளிர்ச்சியாக இருக்கிறது என்று. என் கண் போனது அதனாலா, பெரியப்பா வழியில் வந்த ரத்தத்தாலா என்று கேட்டேன். இரண்டும் சேர்ந்திருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

இரண்டாவது, அதனால்தான், நீ உடனே கண் சோதனைக்குப் போக வேண்டும். பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகமாம். எழுத்து வாசித்துக் காட்டிவிட்டு வந்துவிடாதே, அதில் உன் அப்பன் எப்போதும் முதல் மார்க். கண் அழுத்தம் பார்க்கச் சொல், நரம்பு பார்க்கச் சொல், அந்த வெள்ளை அண்டாவில் உட்கார வைக்கச் சொல். எனக்கு ஒன்றும் இல்லையே, நன்றாகத் தெரிகிறதே என்று சொல்லாதே கண்ணு. அந்த வார்த்தையைத்தான் என்னால் இனிமேல் யாரிடமிருந்தும் கேட்க முடியவில்லை. என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். கோபத்தோடே போய்ப் பார்த்துவிட்டு வா. முடிவை அம்மாவிடம் சொன்னால் போதும்.

நான் தினமும் மூன்று வேளை மருந்து போடுகிறேன். அம்மாதான் விடுகிறாள். நான் விட்டால் பாதி மூக்கில் போகிறது. இடது கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்கள். இங்கே எல்லோரும் நலம் என்ற வரியை இவ்வளவு தூரம் தள்ளி எழுதுகிறேன். பாதி நலம். மீதிப் பாதி நீ போய்ச் சோதித்துவிட்டு வந்து சொல்வதில் இருக்கிறது.

நீ எப்போதாவது வந்தால், தெருவில் என்னோடு நடக்கும்போது இடப்பக்கம் வா என்று அம்மா உனக்குச் சொல்லித் தருவாள். அவள் சொல்வதைக் கேட்காதே. வலப்பக்கமே வா. நீ அங்கே இருக்கிறேன் என்று சொன்னால் போதும், நான் திரும்பிப் பார்த்துச் சரிபார்க்க மாட்டேன்.

உன் கண் இரண்டும் ஒரு குறையும் இல்லாமல், எண்பது வயதிலும் நான்கு பக்கமும் பார்த்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிங்கம் என்று ஊர் நம்புகிற
உன் அப்பா

வியாழக்கிழமை அம்மா போனிலிருந்து கூப்பிட்டது நான்தான். நீ “அம்மா?” என்றாய். நான் “சாப்பிட்டியா?” என்றேன். நீ “ம்” என்றாய். அப்புறம் நான் வைத்துவிட்டேன். சாப்பாட்டைக் கேட்க நான் கூப்பிடவில்லை. கேட்க வந்ததும் இல்லை, சொல்ல வந்தது. வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

அன்றைக்கு நீ கொடி காட்டினாய், கண்ணு. ரெண்டு கையாலும்.